ஒழுங்கான ஒன்பது நிமிடங்கள்

“அப்போ உங்க வீட்டுக்காரர்தான் பம்பை நிறுத்தினார்னு இந்தக் காகிதம் சொல்லுது.”

“காகிதம் சொல்லுது மேடம். நான் சொல்லலை.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“வீட்ல சாப்பிட உட்கார்ந்தாகூட அந்தப் பம்போட சத்தத்தைப் பத்தித்தான் பேச்சு. இன்னிக்குக் கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு, பேரிங் பார்க்கணும்பார். சொந்தப் பிள்ளைக்குச் சளி பிடிச்ச மாதிரி. அவர் நிறுத்த மாட்டார்.”

“பிள்ளையைத் தூங்க வைக்கிறதும் உண்டே,” என்றான் ஜன்னலோரம் நின்றவன்.

அவள் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு பானைப் பால் திரிந்திருக்கும். அவன் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ மிக முக்கியமாகப் பார்க்க ஆரம்பித்தான்.

அவன் பெயர் வால். பெற்றவர்கள் வைத்தது வேறு. ஆட்களின் பின்னாலேயே போவது தொழில் என்பதால் ஊர் வைத்த பெயர் இது. யார் பின்னால் போக வேண்டும் என்று அவனுக்குச் சொல்பவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, நரைத்த முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. அவரை எல்லோரும் நிதானம் என்பார்கள். வீடு தீப்பிடித்தாலும் செருப்பு வாரைச் சரியாக மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. தனியார் துப்பறிவாளர்; அந்த வேலையில் அவருக்கு நிகர் கிடையாது. அவசரப்படச் சொன்னால் அவரைப் போல உதவாத ஆளும் கிடையாது.

இன்று அவசரப்பட்டே ஆக வேண்டும். சுவர்க் கடிகாரம் இரண்டரை காட்டியது. நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். வந்தால் கீழே காவலர் அறையில் உட்கார வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த மெக்கானிக்கின் மனைவிதான் எதிரே இருந்தவள்; இவர்களை வரவழைத்ததும் அவள்தான். அவளும் இதே கட்டடத்தில் பொறியாளர். கட்டடம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள். ஆள் உயர அலமாரிகளில் அடுக்கடுக்காக, வரிசை வரிசையாக. ஊரில் யாரோ போனில் எதையோ தட்டினால் அது இங்கே ஏதோ ஒரு பெட்டிக்குள் போய்ப் பாடுபடும். பாடுபடும் பெட்டி சூடாகும். அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போக மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓடும். எவ்வளவு மின்சாரம் உள்ளே போனால் எவ்வளவு சூடு வெளியே வரும், அதற்கு எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரிலேயே ஒரு மாதிரிக் கட்டடம் கட்டி முன்கூட்டியே கணக்குச் சொல்வது அவள் வேலை. போனதும் வந்ததும் சமமாகும் வரை எழுந்திருக்க மாட்டாள். அதனால் அவளுக்குத் தராசு என்று பெயர்.

மூன்று நாளைக்கு முன்னால், காலையில், நாலாம் வரிசைக்கு முழுச் சுமைச் சோதனை நடந்தது. சோதனைக்காகத் தானாக அணைக்கும் பாதுகாப்பை எடுத்து வைத்திருந்தார்கள். நடுவில் தண்ணீர் நின்றது. குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் கொதித்தது. பம்ப் மறுபடி ஓடிய நொடியில் ஒரு குழாய் தெறித்து, எதிரே நின்ற ஆளின் முகத்தில் வெந்நீர் அடித்தது. ஏணி என்று கூப்பிடுவார்கள் அவரை, அவ்வளவு உயரம். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கண்ணைப் பற்றி டாக்டர்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

“பதினொன்று ஐந்துக்குப் பம்ப் அறைக் கதவு உங்க வீட்டுக்காரர் கார்டுல திறந்திருக்கு. பதினொன்று ஆறுக்குத் தண்ணி நின்னிருக்கு. பதினொன்று பதினாலுக்கு ஓடியிருக்கு, குழாய் தெறிச்சிருக்கு,” என்று நிதானம் விரலால் வரிசையைத் தொட்டுக்கொண்டே வந்தார்.

“இதுல துப்பறிய என்ன மேடம் இருக்கு?” என்று கதவருகே இருந்து குரல் வந்தது. தலைமைப் பொறியாளர். பேசும்போதெல்லாம் சட்டைக் காலரை இழுத்து இழுத்து நேராக்குவார். வால் வந்த பத்தாவது நிமிடமே அவருக்குக் காலர் என்று பெயர் வைத்துவிட்டான். “கதவு ஒரு பதிவு. தண்ணி இன்னொரு பதிவு. ரெண்டும் தனித்தனி மெஷின். ரெண்டும் சேர்ந்து ஒரு அப்பாவி மேல பழி போடுமா?”

“முந்தின நாள் உங்களுக்கும் அவருக்கும் சண்டையாமே?”

“சோதனை அன்னிக்குப் பாதுகாப்பை எடுக்கக் கூடாதுன்னு கத்தினார். நான் எடுத்தேன். அது என் அதிகாரம். அந்தக் கோபத்துல சோதனையைக் கெடுக்கப் பார்த்திருக்கார். கொஞ்சம் நிறுத்தி விளையாடலாம்னு நினைச்சிருப்பார், வினையாயிடுச்சு.”

அப்போது ஒரு இளைஞன் இன்னும் சில காகிதங்களோடு உள்ளே வந்தான். கண்காணிப்பு அறை ஆபரேட்டர். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மூன்று நாள் தூங்காத கண்.

“என் தம்பி,” என்றாள் தராசு. “தண்ணி, மின்சாரப் பதிவெல்லாம் இவன் அறையிலதான் இருக்கு. நான்தான் இவனை இங்க சேர்த்துவிட்டேன்.”

“அக்கா வீடு, அக்கா ஆபீஸ். பக்கத்துல அக்கா ஆஸ்பத்திரின்னு ஒண்ணு கட்டிட்டா முடிஞ்சுது,” என்றான் வால்.

தம்பி சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டான். காகிதங்களை வைத்துவிட்டு, “மாமா ஏதாவது சாப்பிட்டாராக்கா?” என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவன் போய்விட்டான்.

நிதானம் அதற்குள் ஒரு பக்கத்தை எடுத்துத் தனியே வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். வாலுக்கு அடையாளம் தெரியும். மீன் தூண்டிலைத் தொட்டுவிட்டது.

“வா, முதல்ல மெக்கானிக்கைப் பார்ப்போம்.”

*

காவலர் அறையில் மெக்கானிக் முழங்கையை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். நகக் கண்ணெல்லாம் கிரீஸ். பக்கத்தில் உறை பிரிக்காத ரொட்டி.

“என்ன நடந்துச்சுண்ணே?” என்றான் வால்.

“வெளிய கூலிங் டவர்ல வேலையா இருந்தேன். திரும்பி வர்றப்ப நாலாம் வரிசைப் பம்ப் சத்தம் மட்டும் கேக்கலை. உள்ள போனேன், ஃபியூஸ் போயிருந்துச்சு, மாத்தி ஓட்டினேன்.”

“நீங்க உள்ள போகும்போதே நின்னுதான் இருந்துச்சா?”

“ஆமா.”

“பதிவு அப்படிச் சொல்லலையே.”

“பதிவு என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாது.”

“உள்ள போனதும் முதல்ல என்ன செஞ்சீங்க?” என்று நிதானம் கேட்டார்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். ஒரு மூச்சு நேரம்தான். “ஃபியூஸ் மாத்தினேன்னு சொன்னேனே.”

அதற்கு மேல் என்ன கேட்டாலும் அந்த மூன்று வாக்கியங்களையே திருப்பிச் சொன்னார். வெளியே வந்ததும் வால் பெருமூச்சு விட்டான். “கல்லுக்குள்ள ஈரம் இருக்கும்பாங்க. இது சும்மா கல்லு மேடம்.”

“ஈரம் ரொம்ப இருந்தாலும் வாய் திறக்காது,” என்றார் நிதானம்.

பம்ப் அறை காதை அடைத்தது. பச்சை வண்ணம் அடித்த நான்கு பம்புகள், நான்கு குட்டி யானைகள் போல. நிதானம் பம்பின் பக்கமே போகவில்லை. கதவுக்கு உள்ளே சுவரில் தொங்கிய போனுக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். கட்டடத்துக்குள் மட்டும் பேசும் பழைய போன். வரிசையாக ஆறு பொத்தான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒட்டிய காகிதத்தில் ஒவ்வொரு இடத்தின் பெயர். ஐந்து பொத்தான்களில் தூசி. ஒன்றில் மட்டும் கறுப்பாகக் கட்டைவிரல் ரேகை. ஒருமுறை அழுத்திய ரேகை இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக நாலைந்து முறை குத்தியது.

“கண்காணிப்பு அறை,” என்று வால் காகிதத்தைப் படித்தான். “கிரீஸ் கை. நம்ம கல்லு பேசியிருக்கு மேடம்.”

“பேசினாரோ என்னமோ. ஒரு தடவை எடுத்திருந்தா இத்தனை தடவை ஏன் குத்தணும்?”

“யாரும் எடுக்கலை! அப்போ அதைச் சொல்லியிருக்கலாமே? ‘நான் உடனே போன் பண்ணேன், அங்க ஆளே இல்லை’ன்னு சொன்னா பாதி பழி போயிடுமே?”

நிதானம் செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்தார். வால் பற்களைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றாக ஐந்து நிமிடம்.

*

கம்ப்யூட்டர் கூடத்துக்குள் போனபோது பெரிய கப்பல் ஒன்றின் வயிற்றுக்குள் இறங்கியது போல இருந்தது அவனுக்கு. ஜன்னல் இல்லை, பகல் இல்லை. அலமாரிகளின் சிறிய நீல விளக்குகள் யாருக்கோ எதையோ சொல்லி அணைந்து எரிந்தன. நாலாம் வரிசையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். தரையில் தண்ணீர் காய்ந்த தடம் இன்னும் ஒரு வரைபடம் போலக் கிடந்தது. காலரும் தராசும் பின்னால் வந்தார்கள்.

“ஐந்தாம் வரிசையும் இதே மாதிரிதானே?” என்றார் நிதானம்.

“இரட்டைப் பிள்ளை,” என்றாள் தராசு.

“வால், அந்த அலமாரிக்குப் பின்னாடி கையை நீட்டு.”

நீட்டினான். தலை காய வைக்கும் மெஷினுக்கு முன்னால் நீட்டியது போலச் சூடான காற்று. “தண்ணியில குளிக்கிற மெஷினுக்கு ஏன் மேடம் இவ்வளவு பெருமூச்சு?”

“முக்கியமான சில்லுகளை மட்டும்தான் தண்ணி தொடும்,” என்று தராசு விளக்கினாள். “மத்த சின்னச் சின்னச் சாமானெல்லாம் இப்பவும் காத்துலதான் ஆறும். மொத்தச் சூட்டை அஞ்சு பங்கா வெச்சா நாலு பங்கு தண்ணிக்கு, ஒரு பங்கு காத்துக்கு.”

“எப்பவுமே?”

“எப்பவுமே. அதை ஏமாத்த முடியாது.”

நிதானம் தனியே எடுத்து வைத்த பக்கத்தை நீட்டினார். “பத்து ஐம்பத்தாறு வரைக்கும் தண்ணி நாப்பது டிகிரியில உள்ள போகுது, நாப்பத்தொன்பதரையில வெளிய வருது. பத்து ஐம்பத்தேழுல திடீர்னு ஐம்பத்திரண்டு. ஏன்?”

“அப்பவே அவர் வால்வைத் திருக ஆரம்பிச்சிருக்கார்,” என்றார் காலர் உடனே. “தண்ணி கம்மியானா சூடு ஏறத்தானே செய்யும்?”

“உள்ள போறதுக்கு முன்னாடியேவா? கார்டு பதினொன்று ஐந்துக்குத்தானே? சரி, அது போகட்டும். தண்ணி கம்மியாகலையே. நிமிஷத்துக்கு நாப்பத்தெட்டு லிட்டர். அடுத்த நிமிஷமும் நாப்பத்தெட்டு. அதுக்கடுத்ததும். ஒன்பது நிமிஷமும் புள்ளி பிசகாம நாப்பத்தெட்டு. அதுக்கு முன்னாடி எல்லாம் நாப்பத்தேழே முக்கால், நாப்பத்தெட்டே காலுன்னு தள்ளாடிக்கிட்டு இருக்கு.”

“தண்ணி திடீர்னு குடியை விட்டுடுச்சு,” என்றான் வால்.

காலரின் கை காலருக்குப் போனது. நிதானம் அவரிடம் திரும்பினார். “சோதனையில பதினொரு மணிக்கு நாப்பது கிலோவாட்டை ஐம்பதா ஏத்தினீங்க. இப்ப இந்த ஐந்தாம் வரிசையிலயும் அதே மாதிரி ஏத்துங்க.”

“இப்பவா? அதெல்லாம் அனுமதி இல்லாம...”

“இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா ஏத்துவீங்க. நான் மரியாதையாக் கேக்கறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.”

காலர் முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சுவரோரக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். அலமாரிகளின் உறுமல் ஒரு படி ஏறியது. வால் தண்ணீர் திரும்பி வரும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு அதில் பொருத்தியிருந்த வெப்பமானியின் சின்னத் திரையைப் பார்த்தான். நாற்பத்தொன்பதரை.

ஒரு நிமிடம் போனது. நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.

“சீக்கிரம் ஏறுடா, என் பாட்டன் சொத்து,” என்று குழாயிடம் சொன்னான். இரண்டு நிமிடம். ஐம்பதரை. கடிகாரத்தின் முள் அவன் கண்ணுக்கு மட்டும் ஓடுவது போல இருந்தது. மூன்று நிமிடம். தராசு மூச்சுவிடாமல் பக்கத்தில் நின்றாள். கிட்டத்தட்ட நான்கு நிமிடம் ஆன பிறகுதான் எண் ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“நாலு நிமிஷம்,” என்றார் நிதானம். “இத்தனை குழாய், இத்தனை இரும்பு, இத்தனை தண்ணி எல்லாம் சூடாகணும் இல்லையா? ஆனா அன்னிக்கு?”

வால் பக்கத்தைப் பிடுங்கிப் பார்த்தான். பதினொரு மணிக்கு மின்சாரம் ஐம்பது. அதே வரியில், அதே நிமிடத்தில், தண்ணீர் ஐம்பத்தைந்து. “அடுப்பைக் கூட்டின அதே நொடியில பானை பொங்கிடுச்சா? என்ன மேடம் இது, மந்திரவாதி வீட்டுச் சமையலா?”

“சமையலே இல்லை. எழுதினது. ஒன்பது நிமிஷமும் யாரோ உட்கார்ந்து எழுதினது. தண்ணி பத்து ஐம்பத்தேழுக்கே நின்னுடுச்சு. மெக்கானிக் உள்ள போகும்போது அது நின்னு எட்டு நிமிஷம் ஆச்சு. அவர் சொன்னது நிஜம்.”

தராசு அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. கணக்குப் போடுகிறாள் என்று வால் புரிந்துகொண்டான்.

“நாப்பது கிலோவாட், நாப்பத்தெட்டு லிட்டர்...” என்றாள் மெதுவாக. “சூடு மொத்தமும் தண்ணிக்கே போனா பன்னிரண்டு டிகிரி. நாப்பதும் பன்னிரண்டும் ஐம்பத்திரண்டு. ஐம்பது கிலோவாட்டுக்குப் பதினைஞ்சு. ஐம்பத்தைஞ்சு.” அவள் குரல் தேய்ந்தது. “காத்துக்கு ஒண்ணுமே விடலை.”

“இப்படிக் கணக்குப் போடுறவங்க யாராவது இருக்காங்களா?”

பொய் சொல்லலாமா என்று அவள் நினைத்துப் பார்த்தது வாலுக்குத் தெரிந்தது. கடைசியில் தராசின் முள் நேராக நின்றது.

“நான்தான்,” என்றாள். “என் வேலையே அப்படி. கம்ப்யூட்டர்ல கட்டற அந்த மாதிரியோட முதல் வரைவுல எல்லாச் சூட்டையும் தண்ணி தலையில கட்டிடுவேன். தண்ணியோட ஓட்டத்தை நாப்பத்தெட்டுன்னே நிறுத்திடுவேன். நேரத் தாமதமும் வைக்க மாட்டேன். மொதல்ல எலும்பு நேரா நிக்குதான்னு பார்த்துட்டு, அப்புறம்தான் காத்துக்கு எவ்வளவு, தாமதம் எவ்வளவுன்னு சதை வெப்பேன். இந்த ஆபீஸ்ல இருக்கறது கடைசி வரைவு. முதல் வரைவை யார்கிட்டயும் காட்ட மாட்டேன், வெக்கம்.”

“அது எங்க இருக்கு?”

“வீட்ல. என் கம்ப்யூட்டர்ல.”

காலர் ஒரு அடி முன்னால் வந்தார். அதுவரை அவர் முகத்தில் இருந்த அலுப்பு போய், வேட்டைக்காரக் களை வந்துவிட்டது. “அப்போ பதிவைத் திருத்தினது நீங்க! புருஷனைக் காப்பாத்த!”

“காப்பாத்தவா?” என்றான் வால். “அந்தத் திருத்தம்தான் சார் அவரை மாட்டிவிட்டிருக்கு. கழுத்தில சுருக்குப் போட்டுட்டு, மாலைன்னு நினைச்சேன்னு யாராவது சொல்வாங்களா?”

“அப்போ மாட்டிவிடத்தான் செஞ்சிருக்காங்க. வீட்டுக்குள்ள என்ன சண்டையோ, யார் கண்டா?”

தராசு சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்த நேரத்தில் காலரின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் நிமிர்ந்து நின்றார். “இன்ஸ்பெக்டர் வந்துட்டாராம். சீக்கிரமே கிளம்பிட்டாராம். கேட்ல வண்டி நிக்குது.” தராசை ஒருமுறை பார்த்துவிட்டு, “யாரும் கட்டடத்தை விட்டு வெளிய போகாதீங்க,” என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கினார்.

நிதானம் அவளருகே போனார். குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்டுக்காரர் பம்ப் அறையிலிருந்து கண்காணிப்பு அறைக்கு நாலைஞ்சு தடவை போன் பண்ணியிருக்கார். யாரும் எடுக்கலை. அதை அவர் உங்ககிட்ட சொன்னாரா?”

“இல்லையே.”

“எங்ககிட்டயும் சொல்லலை. தன்னைக் காப்பாத்தற சாட்சியை ஒரு மனுஷன் தானே முழுங்கறார்னா, அவர் வேற யாரையோ காப்பாத்தறார். தன் வீட்டு ஆளைத்தான் அப்படிக் காப்பாத்துவாங்க.” கண்ணாடியைக் கழற்றினார். “அந்த முதல் வரைவை நீங்க யாருக்குமே காட்டினது இல்லையா?”

தராசு கண்ணை மூடினாள்.

“மூணு ஞாயித்துக்கிழமை,” என்றாள். “வந்து உட்கார்ந்து, ‘எனக்கும் கத்துக்கொடுக்கா’ன்னான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். சின்ன வயசுல வாய்ப்பாடே ஒழுங்காச் சொல்ல மாட்டான். முதல் வரைவு வரைக்கும்தான் சொல்லிக்கொடுத்தேன். மேல போறதுக்குள்ள வர்றதை நிறுத்திட்டான்.”

வால் வாயைத் திறந்தான். நிதானத்தின் விரல் அவன் முழங்கையைத் தொட்டது. மூடிக்கொண்டான்.

*

கண்காணிப்பு அறை கூடத்தின் மறுகோடியில் இருந்தது. எட்டுத் திரைகள், ஒரு நாற்காலி. கதவு திறந்ததும் தம்பி எழுந்து நின்றான். நிதானம் உள்ளே போனார். வால் கதவைச் சாத்தாமல் அதில் சாய்ந்து நின்றான். அவனுக்குப் பின்னால், தம்பியின் கண்ணுக்குப் படாமல், தராசு நின்றாள்.

“பத்து ஐம்பத்தேழுக்குப் பம்ப் நின்னப்போ இங்க மணி அடிச்சிருக்கணுமே,” என்றார் நிதானம்.

“சோதனை நாள் மேடம். காலையிலிருந்து முப்பது தடவை அடிச்சுது, எல்லாம் சும்மா. அன்னிக்கு எல்லாருமே சத்தத்தை அமுக்கி வெச்சிடுவாங்க.” சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. “பத்து ஐம்பத்தேழா? பதிவுல பதினொன்று ஆறுதானே இருக்கு?”

“பதிவுல அப்படித்தான் இருக்கு. உங்க மாமா கிரீஸ் கையோட இந்த போனை அடிச்சுக்கிட்டே இருந்தாரே, அப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

அவன் மேஜை மேலிருந்த போனைப் பார்த்தான். அது இப்போது அடித்துவிடும் என்று பயந்தவன் போல.

“மாமா போன் பண்ணாரா?” என்றான். “இங்கயா?”

“நாலைஞ்சு தடவை. அதை அவர் இன்னும் யார்கிட்டயும் சொல்லலை.”

அது போதுமானதாக இருந்தது. அவன் நாற்காலியில் விழுந்தான். முகத்தை மூடிக்கொள்ளாமலே அழுதான்.

“மொட்டை மாடியில இருந்தேன். இன்டர்வியூ. போன்லயே. வேற கம்பெனி, அக்கா மாதிரியே கம்ப்யூட்டர்ல மாடல் போடுற வேலை. அதுக்காகத்தான் அக்காகிட்ட கத்துக்கிட்டேன். அக்கா சிபாரிசு பண்ணி இங்க சேர்த்தாங்க, விட்டுட்டுப் போறேன்னு எப்படிச் சொல்றது? இங்கயே பாதுகாப்பா இருன்னு சொல்வாங்க. பதினஞ்சு நிமிஷம்தான்னு மேல போனேன். திரும்பி வந்து பார்த்தா திரையில தண்ணி பூஜ்யம். யாரைக் கூப்பிடறதுன்னே தெரியலை. கை ஓடலை. கொஞ்ச நேரத்துல...” சுவரைக் காட்டினான். “அந்தப் பக்கத்துலதான் ஏணி அண்ணன் கத்தினார். இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

“அப்புறம் எழுதினீங்க.”

“எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினாங்க. லேப்டாப்ல அக்காவோட வரைவு இருந்துச்சு, இன்டர்வியூவுக்கு வெச்சிருந்தேன். அந்த ஒன்பது நிமிஷம் நான் சீட்ல இருந்தேன்னு ஆகணும், அவ்வளவுதான் மேடம் நினைச்சேன். நான் வந்ததுக்கு அப்புறம் நின்னதா இருக்கட்டும்னு. யார் மேலயும் போடணும்னு நினைக்கலை. கதவுப் பதிவு காவலர்கிட்ட இருக்கு, எனக்குத் தெரியாது. சாயங்காலம் மாமா பேரைச் சொன்னாங்க. பதினொன்று ஐந்துன்னாங்க.” மூச்சு வாங்கினான். “ரெண்டு நிமிஷம் முன்னாடி நின்னதா எழுதியிருந்தாக்கூட மாமா தப்பிச்சிருப்பார்.”

யார் வெட்டிய குழியில் யார் விழுந்தது என்று வால் நினைத்துக்கொண்டான். அவனை யாரோ மெல்ல விலக்கினார்கள். தராசு உள்ளே வந்தாள். தம்பி எழ முயன்றான், முடியவில்லை.

அவள் அடிப்பாள் என்று வால் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் பிறகு தோன்றியது.

“அந்த வேலை கிடைச்சுதா?” என்று கேட்டாள்.

“நேத்து லெட்டர் வந்துச்சுக்கா.”

அவள் தலையை அசைத்தாள். அவன் கலைந்த சட்டையின் தோளைத் தட்டி நேராக்கினாள். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தி அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். கூடத்தின் கடைசியில், படிகளில், கனமான பூட்ஸ்களின் சத்தம் கேட்டது. முன்னால் காலரின் குரல்: “இந்தப் பக்கம் சார், இந்தப் பக்கம். விஷயம் வேற மாதிரி போயிடுச்சு சார், அந்தப் பொம்பளைதான்...”

“என் வீட்டுக்காரர் எப்படியும் வெளிய வந்துடுவார், இல்லையா மேடம்?” என்றாள் தராசு.

“வந்துடுவார். தண்ணி முன்னாடியே நின்னுடுச்சுன்னு காட்டினாப் போதும்.”

“எழுதினது யார்னு காட்ட வேண்டியதில்லையா?”

“அதைத்தான் அவங்க முதல்ல கேப்பாங்க.”

பூட்ஸ் சத்தம் சமதளத்துக்கு வந்துவிட்டது. அலமாரிகளின் நீல விளக்குகளுக்கு நடுவே ஒரு தொப்பியின் நிழல் அசைந்தது. தராசு நிதானத்தின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். வாலுக்கு அவள் விரல்களின் வெளுப்பு தெரிந்தது.

“உங்களைக் கூப்பிட்டது நான்தானே மேடம்? ஏணி அண்ணன் வீட்டுக்கு நான் போறேன், அவங்க கால்ல நான் விழறேன், அவருக்கு வேண்டியதை எல்லாம் நான் பார்த்துக்கறேன். இவனுக்கு இப்பத்தான் ஒரு வழி திறந்திருக்கு. அந்த வரைவு என்னோடது, அந்தக் கம்ப்யூட்டர் என்னோடது, தலைமைப் பொறியாளரும் என்னைத்தான் நினைக்கிறார். அவங்க கேட்டா, எழுதினது நான்தான்னு சொல்லிடுங்க மேடம்.”